எண் பி.830: டர்பனிலிருந்து க்ரூகர் வரை ஒன்பது நாள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதல் நாள் காலை கண் விழித்தது மைனாச் சத்தத்தில். ஒரு நிமிடம் வேதாரண்யத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பதாகவே நினைத்துவிட்டேன். சன்னலைத் திறந்தால் மதில்மேல் இரண்டு மைனா. கொஞ்சம் தள்ளி விளக்குக் கம்பத்தில் சாம்பல் கழுத்துக் காக்காய் ஒன்று. புதுப் பறவைகளைப் பார்க்கக் கடல் தாண்டி வந்தவளுக்கு முதலில் முகம் காட்டியவை இந்த இரண்டும்தான்.

இரண்டும் நம் பக்கத்துப் பறவைகளே. மைனாவைக் கூண்டில் கொண்டுபோனார்கள். 1902 வாக்கில் டர்பனில் கூண்டைவிட்டுப் பறந்தவற்றின் வம்சம் இன்று அந்த நாட்டில் பாதி ஊர்களில் இருக்கிறது. காக்காய் 1970களில் கப்பலில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. அங்குள்ள பறவை ஆர்வலர்களுக்கு இரண்டையும் பிடிக்காது. உள்ளூர்க் குருவிகளின் கூட்டைப் பறிக்கும், முட்டையைத் தின்னும் என்பது அவர்கள் குறை. நியாயமான குறைதான். ஆனாலும் அந்தக் காலையில் மைனாவைக் கேட்டபோது எனக்கு மனசு குளிர்ந்தது என்பதை மறைக்க முடியாது.

இது 2014 ஜனவரியில் போன பயணம். அண்ணன் அப்போது ஜோகன்னஸ்பர்கில் வேலையில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். பொங்கல் விடுமுறையோடு கொஞ்சம் லீவும் சேர்த்துக்கொண்டு கிளம்பினேன். கோடியக்கரையில் சின்ன வயதிலிருந்து பூநாரையும் உள்ளானும் பார்த்து வளர்ந்தவள், ஒரு தடவையாவது ஆப்பிரிக்காவில் பறவை பார்க்க வேண்டும் என்று பத்து வருடமாக அண்ணனை நச்சரித்துக்கொண்டிருந்தேன். "சரி பாப்பா, வண்டி நான் ஓட்டுறேன், வழி நீ சொல்லு" என்றார். வாடகைக்கு ஒரு கார் எடுத்தோம். டர்பனில் தொடங்கி வடக்கே கடலோரமாகப் போய், பிறகு மலையேறி வாக்கர்ஸ்ட்ரூம், கடைசியில் க்ரூகர் காடு. இதுதான் வழி.

முதல் இரவு தங்கியது டர்பனுக்குப் பக்கத்து ஊரான வெருலத்தில், அண்ணனோடு வேலை பார்ப்பவரின் அம்மா வீட்டில். எழுபது வயதைத் தாண்டிய ஆன்ட்டி. அங்கே தமிழ்க் குடும்பங்களில் வயதான எல்லாருமே ஆன்ட்டி, அங்கிள்தான். பேச்செல்லாம் ஆங்கிலம். நடுநடுவே சோறு, ரசம், ஆயா, தாத்தா என்று தமிழ் எட்டிப் பார்க்கும். நான் வேதாரண்யம் என்று சொன்னதும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதில் ஒரு ஜெராக்ஸ் காகிதம். அவருடைய தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த கப்பலின் ஆள் பட்டியலில் ஒரு பக்கம். ஆவணக் காப்பகத்தில் தேடி எடுத்ததாம்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' முதல் கப்பல். 1911இல் இந்த ஆள் அனுப்புவது நிறுத்தப்படும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இப்படிக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அந்தப் பட்டியலில் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். ஆன்ட்டியின் முப்பாட்டனுக்கு வயது இருபத்திரண்டு. வலது முழங்காலில் தழும்பு. ஜில்லா தஞ்சாவூர். கிராமத்தின் பெயரில்தான் சிக்கல். எழுதிய வெள்ளைக்கார குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் இருந்தது, அதிலும் முன்பாதி மைக் கறையில் போய்விட்டது. கடைசி எழுத்துகள் மட்டும் படிக்க முடிந்தது. 'பொலம்'.

"புலம்" என்றேன். எங்கள் பக்கம் அந்தப் பெயரில் முடிகிற ஊர் எத்தனையோ. ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், செட்டிபுலம், குரவப்புலம். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஆன்ட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஜெராக்ஸுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். ஊரில் கேட்டுச் சொல்கிறேன் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஆன்ட்டியையும் கூட்டிக்கொண்டு மவுண்ட் மோர்லண்ட் போனோம். வெருலத்திலிருந்து பக்கம்தான். சுற்றிலும் கரும்புக் கொல்லை. நடுவில் பள்ளமாக ஒரு நாணல் சதுப்பு. பரப்பைப் பார்த்தால் நம்மூரில் ஒரு நடுத்தர ஏரி அளவுகூடத் தேறாது. மேட்டுச் சரிவில் மடக்கு நாற்காலி போட்டு நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், திருவிழாவில் தேர் வரக் காத்திருப்பதுபோல.

ஆறரை மணிக்கு வானத்தில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு பக்கம் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. பைனாகுலரை வைத்துப் பார்த்தால் அத்தனையும் தகைவிலான் குருவி. எங்கள் ஊரில் செப்டம்பர் வந்தால் வயலுக்கு மேல் போகும் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, நெஞ்சு வெளுத்து, முதுகு கருநீலமாக, தொண்டை செம்மண் நிறத்தில், அதேதான். தகைவு என்றால் இளைப்பு. இளைப்பாறாத குருவி என்று பெயர் வைத்தவர் அதை நெடுநேரம் பார்த்தவராகத்தான் இருப்பார். ஜூலு மொழியில் இன்கோஞ்சானே.

எல்லாத் திசையிலிருந்தும் வந்தன. வந்தவை இறங்கவில்லை. சதுப்புக்கு மேலே உயரத்தில் சுற்றிக்கொண்டே இருந்தன, மேலும் மேலும் வந்து சேர்ந்தன. இந்த ஒரு நாணல் காட்டில் முப்பது லட்சம் வரை கூடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை எனக்குப் புரியவில்லை. வானத்தில் ஓட்டை தெரியவில்லை என்பது மட்டும் புரிந்தது. சூரியன் இறங்கிய பிறகு யாரோ கயிற்றை அறுத்துவிட்டதுபோலக் கூட்டம் கூட்டமாக நாணலுக்குள் விழ ஆரம்பித்தன. தலைக்கு மேலே உராய்வதுபோல வந்தன, காற்றில் துணி கிழிக்கிற சத்தம். இருபது நிமிடத்தில் வானம் காலி. கீழே நாணல் மட்டும் தானாகப் பேசிக்கொண்டிருந்தது.

பக்கத்திலேயே கிங் ஷாகா விமான நிலையம். 2010 மே மாதம் திறந்தது. கட்டத் தொடங்குவதற்கு முன்பு இந்த நாணலை அழித்துவிடுவார்கள் என்ற பயம் வந்து, உள்ளூர்க்காரர்களும் பறவை அமைப்புகளும் கடுமையாகப் போராடினார்கள். கடைசியில் பறவைக் கூட்டத்தைப் பார்க்கும் ரேடார் வைத்து, விமானத்தையும் குருவியையும் தனித்தனியாகப் போகவிடும் ஏற்பாடு வந்தது. ஒரு குருவிக்காக விமான நிலையம் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, நம்மூர் ஏரிகளைப் பற்றிக் கையை விரிப்பதை நான் விட்டுவிட்டேன்.

அங்கே ஒரு பெரியவர் பறவைக்கு வளையம் மாட்டுகிறவர். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார், அதை அந்தப் பயணம் முழுக்க அசைபோட்டுக்கொண்டே வந்தேன். ஜனவரியில் இந்தக் குருவிகளைக் கையில் எடுத்தால் சிறகெல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி இருக்குமாம். வாலில் நீண்ட கம்பிகூட இருக்காது. ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்துதான் பறக்கிற இறகு அத்தனையையும் ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதுசாக வளர்த்துக்கொள்கின்றன. அதற்கே மாதக்கணக்காகிறது. ஆக, ஏப்ரலில் வடக்கே போகிற குருவி எந்த இறகால் பறந்து போகிறதோ, அந்த இறகு ஆப்பிரிக்கக் கரும்புக் கொல்லையின் கொசுவையும் ஈயையும் தின்று வளர்ந்தது.

நாம் வலசைப் பறவையை விருந்தாளி என்கிறோம். பள்ளிக்கூடத்தில் நானே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: "வெளிநாட்டுப் பறவைகள், நம்ம ஊருக்கு விருந்துக்கு வருது." அன்று இரவு அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காமல் போனது. இறகை மாற்றிக்கொள்கிற இடத்தில் யாராவது விருந்தாளியா?

இரண்டாம் நாள் எஷோவே. கரும்புக்கு நடுவே ஊர், ஊருக்கு நடுவே ட்லின்ஸா காடு. மரங்களின் தலை உயரத்துக்கு 125 மீட்டர் நீளத்தில் ஒரு மரப்பாலம் போட்டு, கடைசியில் 20 மீட்டர் உயரக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே கோபுரத்தில் ஏறி நின்றோம். பனி விலக விலக, வெண்பிடரிப் புறா ஒன்று பட்ட மரத்தின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. தென்னாப்பிரிக்காவில் இதைப் பார்க்க இந்தக் காட்டைத்தான் தேடி வருகிறார்கள். ட்ரம்பட் இருவாச்சிகள் கைக்குழந்தை அழுவதுபோலக் கத்தின. அண்ணன் உண்மையிலேயே கீழே யாரோ குழந்தையை விட்டுவிட்டார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

நான் அதிக நேரம் நின்றது கீழே, காட்டுத் தரையில். புள்ளித் தரைப்பூங்குருவி என்று சொல்லலாம். மார்பு முழுக்கக் கரும்புள்ளி. உலக அளவிலேயே அழிவின் விளிம்பில் இருக்கிற பறவை. அது பாட்டுக்கு என்னிடமிருந்து ஆறடி தூரத்தில் சருகைக் கொத்தித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு சருகைப் புரட்டும், தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும், ஒன்றுமில்லை என்றால் அடுத்தது. அம்மா அரிசியில் கல் பொறுக்குவதைப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

அங்கிருந்து கடலோரம் இறங்கி ம்டுன்சினி. இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பனைமரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பிடிக்கும். இங்கே ராஃபியா என்ற பனை இனத்தின் தோப்பு ஒன்று இருக்கிறது. வடக்கே கோசி வளைகுடாவிலிருந்து விதை கொண்டுவந்து 1916இல் நட்டார்கள். ஓலை ஒவ்வொன்றும் ஒரு பெரிய படகு நீளம். நம்மூர்த் தாளிப்பனை மாதிரி வாழ்நாளில் ஒரே ஒரு தடவை காய்க்கும், காய்த்ததும் பட்டுப்போகும். விதை ஊன்றி இருபத்தைந்து முப்பது வருடம் காத்திருக்க வேண்டும். காய் செதில் செதிலாக, வார்னிஷ் பூசியதுபோல மின்னும்.

அந்தக் காயைத் தின்ன ஒரு பாறு வருகிறது. பிணம் தின்னும் பாறு இனம்தான், ஆனால் இதற்குப் பழம்தான் முக்கியச் சாப்பாடு. கூடவே நண்டு, மீன். மரம் வந்த பிறகு, அதைத் தேடி இந்தப் பறவையும் வந்து இங்கே தங்கிவிட்டது. வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு, கண்ணைச் சுற்றிச் சிவந்த தோல். ஓலை மட்டையில் நின்றுகொண்டு ஒரு காயைக் காலால் அமுக்கி, அலகால் தோலை உரித்து உள்ளிருக்கும் எண்ணெய்ச் சதையைச் சுரண்டியது. நுங்கு சுரண்டுகிற பொறுமை. அரைமணி நேரம் அதைப் பார்த்தேன். அண்ணன் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார்.

செயின்ட் லூசியாவில் இரண்டு இரவு. இசிமாங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் வாசல் இந்த ஊர். ஜூலுவில் அந்தப் பெயருக்கு அதிசயம் என்று பொருள். 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரவில் நீர்யானைகள் ஊருக்குள் வந்து வீட்டு வாசல் புல்லை மேயும். நடந்து போகாதே, காரில் போ என்று தெருவில் பலகையே வைத்திருக்கிறார்கள். கூழைக்கடா, மீன்கழுகு, மஞ்சளலகு நாரை எல்லாம் படகில் போனால் தாராளமாகப் பார்க்கலாம். எனக்கு அங்கே மறக்க முடியாதது கழிமுகத்து மணல் திட்டு. வளை உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. சைபீரியாவின் வடகோடியில் பிறந்தவை. கோடியக்கரைச் சதுப்பில் வருடாவருடம் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே எனக்கு அடையாளம் தெரிந்த பறவை. ஒரே ஊரில் பிறந்த பிள்ளைகளில் ஒன்று சிங்கப்பூருக்கும் ஒன்று துபாய்க்கும் போவதுபோல ஒரு பகுதி எங்கள் பக்கமும் ஒரு பகுதி இங்கேயும் வருகிறது.

அடுத்துப் போன முகூஸே காட்டில் வெயில் தாங்க முடியவில்லை. மழைக்காலத்தில் காடெங்கும் தண்ணீர் இருப்பதால் குட்டையோர மறைவிடத்தில் உட்கார்ந்தாலும் பறவை வராது. அது அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் போக வேண்டிய இடம். எங்கள் திட்டத்தில் அது என் தவறு. போதாக்குறைக்கு வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியில் காற்று குறைவு. அண்ணன் ஜாக்கியோடு போராடிக்கொண்டிருக்க, முள் மரத்தில் கொண்டை வைத்த கறுப்பு வெள்ளைப் பறவை வந்து உட்கார்ந்து கூப்பிட்டது. சுடலைக்குயில். மழைக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வட இந்தியாவுக்கு வந்து சேரும் அதே இனம். "அண்ணே, இங்க பாருங்க" என்றேன். "பஞ்சர் ஒட்டுன அப்புறம் பாக்குறேன் பாப்பா" என்றார். ஆனால் நிமிர்ந்து பார்த்தார்.

ஆறாம் நாள்தான் இந்தப் பயணத்துக்கே தலைப்பு கிடைத்த நாள். வ்ரைஹெய்ட் தாண்டி உட்ரெக்ட் என்ற சின்ன ஊர் வழியாகப் போகும்படி அண்ணனிடம் பிடிவாதமாகச் சொன்னேன். கொஞ்சம் சுற்றுவழிதான். காரணம் இது.

தகைவிலான் குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பது ஐரோப்பாவில் ரொம்ப காலம் விளங்காத விஷயமாகவே இருந்தது. குளத்துச் சேற்றுக்குள் புதைந்து தூங்குகிறது என்றுகூட நம்பினார்கள். 1911 மே 6ஆம் தேதி, இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டுஷயரில் ஜான் மேஸ்ஃபீல்டு என்ற வக்கீல் தன் வீட்டு வாசலில் கூடு கட்டிய ஒரு குருவியின் காலில் சின்ன உலோக வளையம் மாட்டினார். அதில் 'விதர்பி, ஹை ஹோல்பர்ன், லண்டன்' என்று முகவரி, மறுபக்கம் எண் பி.830. அடுத்த வருடம், 1912 டிசம்பர் 23 அன்று, உட்ரெக்டிலிருந்து 18 மைல் தள்ளி ஒரு பண்ணைவீட்டுக்குள் புகுந்த குருவியைப் பிடித்தபோது காலில் அந்த வளையம் இருந்தது. ஊரிலிருந்த ஒருவர் அந்த முகவரிக்குக் கடிதம் போட்டார். இங்கிலாந்துக் குருவி தென்னாப்பிரிக்காவரை போகிறது என்பதற்கு முதல் சாட்சி அதுதான்.

ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை. அகலமான தெரு, பழைய கல் கட்டடங்கள், பெட்ரோல் பங்க். பங்கில் நின்று, கம்பியில் உட்கார்ந்திருந்த நாலைந்து தகைவிலான்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பைக்குள் இருந்த காகிதம் நினைவுக்கு வந்தது. எடுத்து மறுபடி பார்த்தேன். 1911இல்தான் கூலிக் கப்பலும் நின்றது. குருவிக்கு ஒரு எண், ஒரு முகவரி. அந்த எண்ணை வைத்து அது எந்த வீட்டு வாசலிலிருந்து வந்தது என்று ஒரு கடிதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆன்ட்டியின் முப்பாட்டனுக்கும் எண் இருக்கிறது, வயது இருக்கிறது, முழங்கால் தழும்புகூட இருக்கிறது. ஊர் மட்டும் பாதியில் நிற்கிறது. அண்ணன் காசு கொடுத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வாக்கர்ஸ்ட்ரூம் உயரமான புல்வெளி நாடு. மரம் என்று பார்த்தால் ஊருக்குள் மனிதர் நட்டதுதான். மற்றபடி கண்ணுக்கு எட்டிய வரை புல், அதன்மேல் மேக நிழல். முதல் பார்வைக்கு ஒன்றுமில்லாத இடம்போலத் தெரியும். உலகில் வேறெங்கும் அதிகம் காண முடியாத சில பறவைகளுக்கு இது முக்கியமான புகலிடம். ரட் வானம்பாடி, போத்தா வானம்பாடி, மஞ்சள் மார்பு நெட்டைக்காலி. மூன்றுமே முதுகு மண் நிறத்தில், கைக்குள் அடங்குகிற குருவிகள். சிங்கம் பார்க்க வருகிறவர்கள் இங்கே வர மாட்டார்கள்.

இதற்கு வழிகாட்டி இல்லாமல் முடியாது. பறவை அமைப்பு பயிற்சி கொடுத்த உள்ளூர் இளைஞர்கள் இருக்கிறார்கள். எங்களோடு வந்தவர் அந்தப் புல்வெளியில் மாடு மேய்த்து வளர்ந்தவர். எந்தப் புல் எத்தனை விரல்கடை உயரம் இருந்தால் எந்த வானம்பாடி இருக்கும் என்று சொன்னார். ரட் வானம்பாடிக்கு மாடும் ஆடும் மேய்ந்து குட்டையான, உயர்ந்த மேட்டுப் புல் வேண்டும். புல் வளர்ந்துவிட்டாலும் போய்விடும், உழுதுவிட்டாலும் போய்விடும்.

காலை ஆறு மணிக்குப் பனியில் செருப்பு நனைய நடந்தோம். நான் ஷூ போடாமல் போனேன், அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முன்னால் போய்ப் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தார். ஓர் இடத்தில் நின்று வானத்தைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. மூன்று நாலு சுரம், சின்ன இடைவெளி, மறுபடி அதே சுரம். பத்து நிமிடம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த பிறகு ஒரு கடுகு தெரிந்தது. அந்தக் கடுகுதான் பாடியது. காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு கால்மணி நேரத்துக்கு மேல் பாடியது. அப்புறம் கல் மாதிரி விழுந்து, எங்களிடமிருந்து முப்பது அடியில் புல்லுக்குள் நின்றது. பெரிய தலை, மெல்லிய வால், உச்சந்தலையில் வகிடு எடுத்ததுபோல வெளிர்க் கோடு. டெலஸ்கோப்பில் பார்த்தபோது அலகின் ஓரத்தில் ஒரு பனித்துளிகூடத் தெரிந்தது.

இந்த மேட்டுப் புல்லுக்கு அடியில் நிலக்கரி இருக்கிறது. அதுதான் வினை. பக்கத்து மபோலா என்ற பகுதியை, நாங்கள் அங்கே போன அதே 2014 ஜனவரியில்தான் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் அங்கே சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் அமைச்சர்களின் அனுமதியை ரத்து செய்தது. இழுபறி அதோடு முடியவில்லை. வால் ஆறும் துகேலாவும் பொங்கோலாவும் தண்ணீர் எடுக்கிற நீர்ப்பிடிப்பு இது. டெல்டாக்காரியான எனக்கு மேட்டில் தோண்டினால் கடைமடையில் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் அந்தப் பனித்துளிதான் கண் முன்னால் வருகிறது.

அன்று மதியம் இடி மழை. மழை விட்டதும் ஈசல் கிளம்பியது. வாக்கர்ஸ்ட்ரூமுக்கு வெளியே மின்கம்பி நெடுக ஏதோ சின்னச் சின்னதாக உட்கார்ந்திருந்தது. முதலில் புறா என்று நினைத்தேன். கிட்டே போனதும் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டேன். அமூர் வல்லூறு.

ஆணுக்கு உடம்பெல்லாம் ஈய நிறம், கால் மட்டும் செம்பருத்தி. பறக்கும்போது சிறகின் அடியில் வெள்ளை பளிச்சிடும். பெண்ணுக்கு வெளுத்த மார்பில் கோடும் புள்ளியும். நூற்று நாற்பதுவரை எண்ணினேன், அதற்குமேல் கம்பி வளைவுக்கு அப்பால் போய்விட்டது. ஈசலைக் காலால் பிடித்து, பறந்துகொண்டே குனிந்து தின்றன.

நான் கத்தியதற்குக் காரணம் இருக்கிறது. சைபீரியா, வடகிழக்குச் சீனப் பக்கம் கூடு கட்டும் இந்தப் பறவைகள் அக்டோபரில் நாகாலாந்து வழியாக வந்து, இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலுக்கு மேல் நிற்காமல் பறந்து ஆப்பிரிக்கா வருகின்றன. 2012 அக்டோபரில் டோயாங் நீர்த்தேக்கத்தில் மீன்வலை கட்டி இவற்றைப் பிடித்துக் கொல்வதை ஒரு குழு படம் பிடித்து வெளியே கொண்டுவந்தது. ஒரு பருவத்தில் லட்சத்துக்கும் மேல் செத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். அந்தப் படத்தில் சாக்கு மூட்டைபோலக் கட்டித் தொங்கவிட்ட பறவைகளைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அடுத்த வருடமே, பாங்டி முதலான கிராமத்துக்காரர்கள் வேட்டையை நிறுத்தினார்கள். தேவாலயமும் ஊர்ச் சபையும் முன்னின்று செய்த வேலை. 2013இல் ஒரு பறவையும் வலையில் சாகவில்லை. அந்த நவம்பரில் மூன்று வல்லூறுகளுக்கு செயற்கைக்கோள் கருவி மாட்டி நாகா, வோக்கா, பாங்டி என்று பெயர் வைத்துப் பறக்கவிட்டார்கள்.

அப்படியானால் என் தலைக்கு மேலே கம்பியில் இருந்தவை, இரண்டு மாதத்துக்கு முன் அந்த ஏரியைக் கடந்து உயிரோடு வந்தவையாக இருக்கலாம். வலை இல்லாத முதல் வருடத்துப் பறவைகள். அண்ணனுக்கு இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் எதுவும் பேசாமல் பைனாகுலரை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். அந்தப் பயணத்தில் அவராக வாங்கிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இருட்டும்வரை திருப்பித் தரவில்லை.

க்ரூகரைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஜனவரியில் முகாம் கதவை அதிகாலை நாலரைக்கே திறந்துவிடுவார்கள். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது. யானை, சிங்கம், எருமை எல்லாம் பார்த்தோம். பனங்காடைகள் ஐரோப்பாவிலிருந்து வந்து ஒவ்வொரு முள்மரத்திலும் நீலமாக இருந்தன. பள்ளிப் பாடத்தில் படித்த செங்கால் நாரைகள் முப்பது நாற்பது, எரிந்த புல்லில் வெட்டுக்கிளி பொறுக்கின.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் விடியற்காலை, தூரத்தில் பெரிய பானையைத் தட்டுவதுபோல ஒரு சத்தம். சிங்கம் என்று அண்ணன் சொன்னார். தரை இருவாச்சி. ஆளின் இடுப்பளவு உயரம், கரிய உடம்பு, முகத்திலும் தொண்டையிலும் ரத்தச் சிவப்புத் தோல். ஐந்து பேர் கொண்ட குடும்பம் சாலையோரம் நடந்து வந்தது. ஒரு ஜோடிதான் முட்டையிடும், மற்றவர்கள் இரை கொண்டுவந்து கொடுத்து வளர்ப்பார்கள். ஒரு குடும்பம் ஒரு குஞ்சை முழுதாக வளர்த்து எடுக்கச் சராசரியாக ஒன்பது வருடம் ஆகிறதாம். நாங்கள் பார்த்த குடும்பத்தில் ஒன்றுக்கு முகம் இன்னும் மஞ்சளாக இருந்தது, வளர்கிற பிள்ளை. பெரியது ஒன்று அலகிலிருந்த பல்லியை அதற்கு நீட்டியது. அது வாங்கி, கீழே போட்டு, மறுபடி எடுத்தது. பெரியது பொறுமையாகப் பக்கத்தில் நின்றது. நீண்ட இமைமுடியோடு அது எங்கள் காரை ஒரு தடவை பார்த்தது.

ஒன்பது நாளில் 261 இனம். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு புலமாகப் போனேன். கருப்பம்புலத்தில் ஒரு பெரியவர், தன் கொள்ளுத்தாத்தாவின் தம்பி நாகப்பட்டினத்துப் பக்கம் வேலைக்கு என்று போய்த் திரும்பவே இல்லை என்றார். பெயர் பொருந்தவில்லை. ஆயக்காரன்புலத்தில் பெயர் பொருந்தியது, அப்பா பெயர் பொருந்தவில்லை. இரண்டையும் எழுதி ஆன்ட்டிக்கு அனுப்பினேன்.

அந்த வருடம் நவம்பரில், கருவி மாட்டிய வல்லூறுகளில் நாகாவும் பாங்டியும் டோயாங்குக்கே திரும்பி வந்த செய்தி பேப்பரில் வந்தது. அதே வாரம் ஆன்ட்டி போன் செய்தார். இரண்டு ஊரின் பெயரையும் ஒரு அட்டையில் எழுதிச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருப்பதாகச் சொன்னார். அப்புறம், நாணலுக்குக் குருவிகள் வந்துவிட்டன, நேற்று சாயங்காலம் பேரனோடு போய்ப் பார்த்தேன் என்றார். எங்கள் வாசல் கம்பியில் செப்டம்பர் கடைசியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டன என்று சொன்னேன்.